எதிரொலி எந்த இடத்தில் நுழைய வேண்டும்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கிட்டார் வாசிக்கும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றை இன்று எடுத்துக்கொள்கிறேன். "சார், ஆம்ப்பில் வால்யூமைக் குறைத்து வைத்தால் டிலே பெடல் அருமையாகக் கேட்கிறது. வால்யூமை ஏற்றினால் எல்லாம் கலங்கிப்போகிறது. கோளாறு பெடலிலா, ஆம்ப்பிலா?" என்பதுதான் அந்தக் கேள்வி. ஆம்ப் என்பது கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் கருவி; டிலே பெடல் என்பது வாசித்த ஒலியைச் சற்றுத் தாமதித்து எதிரொலியாகத் திரும்பத் தரும் சிறு கருவி. இரண்டிலும் கோளாறு இல்லை. எதிரொலி எந்த இடத்தில் உள்ளே நுழைகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது.

இன்று நான் பேசுவது பழைய மாதிரி ஆம்ப்களைப் பற்றி. அப்படி நான் குறிப்பிடுவது, 1950களின் இறுதியில் அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் செய்த பாஸ்மேன், அதன் சுற்றமைப்பை அடியொற்றி 1960களின் தொடக்கத்தில் லண்டனில் உருவான மார்ஷல் ஜே.டி.எம். 45, அதே காலத்து வாக்ஸ் ஏ.சி. 30 ஆகியவற்றையும், அந்த வழியில் இன்று செய்யப்படும் ஆம்ப்களையும்தான். இவற்றில் கரகரப்பைக் கூட்டுவதற்கென்று தனித் திருகு கிடையாது. வால்யூமை ஏற்ற ஏற்ற, முன்கட்டத்தில் உள்ள சிறிய வால்வுகளும் (வால்வு என்பது ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்), அவற்றைத் தொடர்ந்து ஒலிபெருக்கியை இயக்கும் பெரிய வால்வுகளும் தங்கள் எல்லையை எட்டி, ஒலியலையின் உச்சியை மழுங்கச் செய்கின்றன. அந்த மழுங்கலைத்தான் நாம் ஓவர்டிரைவ் என்று கொண்டாடுகிறோம்.

சென்ற மாதம் பெரம்பூரில் ஒரு மாணவரின் மாடியறையில் உட்கார்ந்து இதைச் சோதித்துப் பார்த்தோம். 18 வாட் வால்வு ஆம்ப் ஒன்று; அதற்கு முன்னால் ஒரு டிலே பெடல். தாமதம் 400 மில்லி விநாடி, எதிரொலி மூன்று முறை, ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி அளவு. ஆம்ப்பின் வால்யூம் 3இல் இருந்தபோது ஒரே ஒரு சுரத்தை மீட்டச் சொன்னேன். படி இறங்குவதைப் போல எதிரொலிகள் ஒன்றைவிட ஒன்று மெலிந்து மறைந்தன. வால்யூமை 8க்கு ஏற்றி அதே சுரத்தை மீட்டியபோது படிகளே இல்லை. முதல் எதிரொலி மூல ஒலியின் பருமனிலேயே வந்து நின்றது. இரண்டாவதும் அதற்குச் சற்றே கீழேதான் ஒலித்தது. எல்லையை எட்டிவிட்ட வால்வால் அதற்கு மேல் உயர முடியாது. ஆகவே பெரிதாக நுழைவதும் பாதி அளவில் நுழைவதும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வெளியே வருகின்றன. எதிரொலி பின்னால் ஒதுங்கி நின்றால்தானே எதிரொலி?

அடுத்து அவர் மோகனத்தில் ச ரி க ப என்று வாசித்தார். சிக்கலின் வேர் அங்கேதான் தெளிவாகக் கேட்டது. மழுங்கிய நிலையில் உள்ள வால்வுக்குள் இரண்டு சுரங்கள் ஒரே நேரத்தில் நுழைந்தால், அவற்றின் அதிர்வெண்களின் கூட்டுத்தொகையும் வித்தியாசமும் புதிய ஒலிகளாகப் பிறக்கும். சட்ஜத்தை 220 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் பஞ்சமம் 330. வித்தியாசம் 110, அதாவது கீழ் ஸ்தாயிச் சட்ஜம். அதனால்தான் ச-ப சேர்க்கை ஓவர்டிரைவில் அத்தனை கம்பீரமாக ஒலிக்கிறது. ஆனால் சட்ஜத்தின் எதிரொலி அடங்குவதற்குள் சதுஸ்ருதி ரிஷபத்தை மீட்டினால், 220உம் ஏறக்குறைய 247உம் மோதி, 27 ஹெர்ட்ஸில் ஓர் உறுமல் எழுகிறது. எந்த ராகத்துக்கும் சொந்தமில்லாத உறுமல் அது. கமகத்தோடு இழுத்து வாசிக்கும்போது சுரம் நகர்ந்துகொண்டே இருப்பதால் இந்த மோதலும் நகர்ந்துகொண்டே இருக்கும். நம் இசையைக் கிட்டாரில் வாசிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வலிக்கும் இடம் என்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

"எஃபெக்ட்ஸ் லூப் உள்ள ஆம்ப் வாங்கினால் தீர்ந்துவிடுமா?" என்று கேட்பார்கள். முன்கட்டத்துக்கும், பெரிய வால்வுகள் உள்ள பவர் கட்டத்துக்கும் நடுவே பெடலை இணைக்க உதவும் வழிதான் அந்த லூப். கரகரப்பு முழுவதும் முன்கட்டத்திலேயே உண்டாகும் பிற்கால ஆம்ப்களில் அது நன்றாகப் பயன்படும். நாம் பேசுகிற ஆம்ப்களில் பெரிய வால்வுகளும் மழுங்குவதால், லூப் ஒன்றைப் புதிதாகப் பொருத்தினாலும் எதிரொலி அந்த வால்வுகளைக் கடந்துதான் வெளியே வர வேண்டும்.

ஆகவே இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, எதிரொலியை ஆம்ப்புக்கு முன்னாலேயே வைத்துக்கொண்டு அதைச் சிறியதாக்குவது. பெரம்பூர் அறையில் எதிரொலியின் அளவைக் கால் பங்குக்கும் கீழே இறக்கி, எண்ணிக்கையை ஒன்றாக்கி, கிட்டாரிலேயே உள்ள வால்யூம் திருகை 10இலிருந்து 6க்குக் குறைத்தோம். ஆம்ப்பைத் தொடவே இல்லை. கரகரப்பு இலேசானது, ரிஷபமும் காந்தாரமும் தனித்தனியாகக் கேட்டன. பழைய டேப் எக்கோ இயந்திரங்கள் இவ்வகை ஆம்ப்களோடு நன்கு ஒத்துப்போனதற்கும் இதே போன்ற காரணம் உண்டு. நாடாவில் ஒவ்வொரு சுற்றிலும் உச்ச அதிர்வெண்கள் தேய்வதால் எதிரொலி மங்கலாகி, மூல ஒலியோடு போட்டியிடாமல் பின்னுக்குப் போய்விடும். உங்கள் டிஜிட்டல் பெடலில் டோன் திருகு இருந்தால் அதைக் குறைத்துப் பாருங்கள். தாமதத்தை லயத்தோடு பொருத்துவதும் உதவும்: 60,000ஐ நிமிடத்துக்கான தட்டு எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு தட்டின் மில்லி விநாடி கிடைக்கும். 120 தட்டுக்கு 500. அதில் முக்கால் பங்கு 375. அந்த முக்காலில் வைத்து, அரைத் தட்டுக்கு ஒரு சுரமாக, உள்ளங்கையால் தந்தியை அடக்கிச் சுருக்கமாக வாசித்தால், எதிரொலிகள் சுரங்களுக்கு இடையே உள்ள வெற்றிடங்களில் விழும்.

இரண்டாவது வழி, எதிரொலியும் மூல ஒலியும் ஒரே வால்வுக்குள் சந்திக்காமல் பார்த்துக்கொள்வது. குயீன் என்ற ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரயன் மே 1970களிலேயே இதைச் செய்தார். மூல ஒலிக்கு ஒரு ஏ.சி. 30, எதிரொலிகளுக்குத் தனித்தனி ஏ.சி. 30 என்று பிரித்துக்கொண்டதால், மூன்று குரல்கள் அடுக்கடுக்காக ஒலித்தாலும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடங்களில் இதைவிட எளிய முறை உண்டு. எதிரொலி கலக்காத ஆம்ப்பின் முன் மைக்கை வைத்துப் பதிவு செய்துவிட்டு, டிலேயையும், ரிவர்ப் எனப்படும் அறை முழக்கத்தையும் பிறகு மிக்சரில் சேர்ப்பார்கள். மேடையில் அதையே செய்ய வேண்டுமானால், ஒலிபெருக்கிக்குப் போகும் மின்னோட்டத்திலிருந்து ஒரு சிறு பங்கை, அதற்கென்றே உள்ள லைன்-அவுட் பெட்டி வழியாக எடுத்து, டிலேக்குள் செலுத்தி, எதிரொலியை மட்டும் கரகரப்பில்லாத இரண்டாவது ஆம்ப்பில் ஒலிக்கவிடலாம். மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஆற்றல் மிகுந்த இரண்டாவது ஆம்ப் தேவையில்லை. சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்பே போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் இப்படி இணைப்பு மாற்றியபோது, ஒலிபெருக்கியின் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு வால்வு ஆம்ப்பை முழு வால்யூமில் ஓட்டிவிட்டேன். சில நிமிடங்களில் எரிந்த வாடை வந்தது. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. ஒலிபெருக்கி என்னும் சுமை இல்லாதபோது அதன் சுருள்களில் மின்னழுத்தம் எகிறி, காப்பைத் துளைத்துவிடும். லைன்-அவுட் பெட்டி ஒலிபெருக்கிக்கு மாற்றாகாது. ஒலிபெருக்கியோ அதற்கு ஈடான லோட் பாக்ஸோ எப்போதும் இணைந்திருக்க வேண்டும். ஆம்ப்பின் உள்ளே பல நூறு வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. நிறுத்திய பிறகும் அது கெபாசிட்டர்களில் தங்கியிருக்கும். பயிற்சி இல்லாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம்.

ரிவர்ப் என்பது நெருக்கமாக வரும் எண்ணற்ற எதிரொலிகள்தான் என்பதால், மேலே சொன்ன எல்லாமே அதற்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். மழுங்கிய வால்வுக்கு முன்னால் அதை வைத்தால், மெல்ல அடங்க வேண்டிய வால் பகுதி ஒரே இரைச்சலாகப் பெருகி நிற்கும். சென்னையில் நாம் பயிற்சி செய்யும் சிமெண்டுச் சுவரும் டைல்ஸ் தரையும் கொண்ட சிறு அறைகள் ஏற்கெனவே போதுமான முழக்கத்தைத் தந்துவிடுகின்றன. அங்கே ரிவர்பை முழுவதுமாக அணைத்துவிட்டு, கதவுக்கு ஒரு தடித்த திரையும் தரைக்கு ஒரு ஜமுக்காளமும் போட்டு, டிலேயை மட்டும் வைத்துத் தொடங்குங்கள். ஒரு சட்ஜத்தை மீட்டி, அது முற்றிலும் அடங்கும்வரை காத்திருந்து, பிறகு ரிஷபத்தை மீட்டுங்கள். அடுத்த முறை காத்திருக்காமல் மீட்டுங்கள். அந்த உறுமல் எந்த வால்யூமில் தொடங்குகிறதோ, அந்த இடத்தில் திருகின் மேல் ஒரு பென்சில் கோடு போட்டு வையுங்கள்.

நன்றி, வணக்கம்.