ஐந்து துறைமுகங்களும் பன்னிரண்டு பேரும்

வணக்கம். இராமநாதபுரம் கடற்கரையின் பழைய ஊர்களையும் இடிபாடுகளையும் சிறு குழுவாகப் போய்ப் பார்ப்பது எப்படி, அழைத்துப் போகிறவர் என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும், எங்கெங்கே தவறிப்போகும் என்று இன்று பேசலாம்.

மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ போனால் கோபுரம் தூரத்திலேயே தெரிந்துவிடும். நம் கரை அப்படியில்லை. அழகன்குளத்தில் இறங்கினால் கண்ணில் படுவது ஒரு மேடும் கருவேலஞ்செடியும்தான். பெரியபட்டினத்தில் தென்னந்தோப்பு. "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று குழுவில் ஒருவராவது கேட்பார். கேட்பதும் நியாயம்தான். அதற்குப் பதில் வண்டியிலிருந்து இறங்கிய பிறகு சொல்வதல்ல, இறங்கும் முன்பே சொல்லி முடித்திருக்க வேண்டியது. இந்தக் கரையில் ஒரு துறைமுகம் ஓய்ந்தால் சில மைல் தள்ளி இன்னொன்று எழுந்தது. அழகன்குளம், பெரியபட்டினம், கீழக்கரை, பாம்பன், தனுஷ்கோடி என்று ஐந்து. இந்த வரிசை மனதில் இருந்தால் மேடும் பேசும், தோப்பும் பேசும். இல்லாவிட்டால் சுற்றுலா முழுக்க ராமேசுவரம் எப்போது வரும் என்றே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

குழுவில் 12 பேருக்கு மேல் வேண்டாம். காரணம், நாம் பார்க்கப் போகிறவை எல்லாம் நெருங்கி நின்று பார்க்க வேண்டியவை. ஒரு சுவரோவியத்தின் கீழே இருக்கும் எழுத்தை ஒரே நேரத்தில் ஆறு பேர்தான் படிக்க முடியும். வழிகாட்டியோடு உதவியாளர் ஒருவர் இருந்தால் ஆறு ஆறாகப் பிரித்துக்கொள்ளலாம். வண்டி 17 இருக்கை டெம்போ டிராவலராக இருக்கட்டும். 14 பேர் போக மிச்ச இடத்தில் பையும் தண்ணீர்க் கேனும் வைக்கலாம். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் கணக்கு. 20 லிட்டர் கேன் மூன்று தினமும் ஏற்ற வேண்டும். உப்புக்காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தாகம் தெரியாது. தலைவலி வந்த பிறகுதான் தண்ணீர் குடிக்கவில்லை என்பது நினைவுக்கு வரும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் 20 வாங்கி வையுங்கள்.

காலம் என்றால் ஜனவரி முதல் மார்ச் நடு வரை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் எச்சரிக்கை வந்தால் பயணமே நின்றுபோகும். ஜூனுக்கு மேல் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று. அப்போது தனுஷ்கோடியில் மணல் கணுக்காலில் ஊசியாய்க் குத்தும், கேமராவின் மூடியைத் திறக்க முடியாது.

முதல் நாள் காலையில் தொடங்க வேண்டிய இடம் கடற்கரை அல்ல, இராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம். இந்தச் சீமையை ஆண்ட சேதுபதி மன்னர்களில் ஒருவரான கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்த மாளிகை. உள்ளே இருக்கும் ஓவியங்கள் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டப்பட்டவை. தஞ்சை மராத்தியரோடு நடந்த போர் ஒரு பக்கம், தொப்பி வைத்த ஐரோப்பியர் சேதுபதியைப் பார்க்க வந்து நிற்கும் காட்சி இன்னொரு பக்கம். கடல் வணிகத்துக்கு யார் யாரிடம் அனுமதி கேட்டார்கள் என்பதை அந்தச் சுவரே சொல்லிவிடும். இங்கே ஒன்றரை மணி நேரம் வேண்டும். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே புலப்படாது. அதுவரை பேசாமல் நிற்க விடுங்கள். ஃபிளாஷ் போட விடாதீர்கள், சுவரில் கை வைக்கவும் விடாதீர்கள். கைப்பிசுக்கு வண்ணத்தில் ஒட்டினால் அதன் மேல் தூசி படியும், பிறகு அதைத் துடைத்தெடுக்க வழியில்லை. விடுமுறை நாள் எது என்று முந்தின நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். பூட்டிய கதவு முன் 12 பேரோடு நிற்பதைப் போல் அலுப்பான காரியம் வேறில்லை.

அரண்மனையை முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அழகன்குளத்தில் எடுத்த பொருள்கள் சில இங்கேதான் காட்சிக்கு இருக்கின்றன. பொருளை முதலில் பார்த்து, மண்ணைப் பிறகு பார்க்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் மண் வெறும் மண்ணாகவே தெரியும்.

அழகன்குளம் மேட்டுக்கு மாலை 4 மணிக்குப் போங்கள். சாய்ந்த வெயிலில்தான் மேட்டின் ஏற்ற இறக்கம் நிழல் விழுந்து தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். வைகை கடலைத் தொடும் ஆற்றங்கரை பக்கத்தில்தான். இன்று வைகைத் தண்ணீர் பெரும்பாலும் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. ஆற்றில் தண்ணீர் ஓடிய காலத்தை நினைத்துப் பார்த்தால்தான் இந்த இடத்தில் ஏன் ஒரு துறை அமைந்தது என்பது விளங்கும். மாநிலத் தொல்லியல் துறை 1986 முதல் பல கட்டங்களாக இங்கே அகழாய்வு செய்திருக்கிறது. ரோமானியக் காசுகள், தமிழ் பிராமி என்ற பழைய எழுத்துள்ள பானை ஓடுகள், கப்பல் உருவம் கீறிய ஒரு பானை ஓடு ஆகியவை கிடைத்தன.

ஓடுகளை அடையாளம் காண மூன்று வகை தெரிந்தால் போதும். கருப்பு சிவப்புப் பானையில் உட்புறமும் வாய்ப்பகுதியும் கருப்பு, வெளிப்புறம் சிவப்பு. கவிழ்த்துச் சுட்டதால் உள்ளே காற்றுப் புகாமல் கருத்தது. ரௌலட்டட் தட்டு மெல்லியது, வழவழப்பானது, அடிப்பகுதியின் உட்புறத்தில் நுண்ணிய கொத்துக்கோடுகள் வட்ட வட்டமாக ஓடும். ஆம்போரா என்ற ரோமானிய மதுச்சாடியின் ஓடு தடித்தது, சொரசொரப்பானது. இத்தாலியின் எரிமலைப் பகுதியிலிருந்து வந்ததானால் உடைந்த விளிம்பில் கருமணல் துகள் மின்னும். இந்த மூன்றின் படங்களையும் ஏ4 தாளில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு ஆளுக்கு ஒன்று கொடுங்கள்.

படம் கொடுக்கச் சொல்வது ஏனென்றால், தரையிலிருந்து ஓட்டை எடுக்கக் கூடாது. குழுவில் யாராவது ஒருவர் குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கெட்ட எண்ணம் கிடையாது, ஞாபகத்துக்குத்தான். ஆனால் ஓடு எந்த இடத்தில், எந்த மட்டத்தில் கிடந்தது என்பதுதான் ஆய்வாளருக்குச் செய்தி. இடம் விட்டு நகர்ந்தால் அது வெறும் ஓடு. அத்தோடு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பழம்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் குழுவில் இருந்தால் இதைப் புறப்படும் போதே சொல்லிவிடுங்கள், விமான நிலையத்தில் சொல்ல வேண்டி வந்தால் சங்கடம். மேட்டுப் பக்கம் கழிப்பறை கிடையாது, ஊரிலேயே முடித்துக்கொண்டு போக வேண்டும்.

இரண்டாம் நாள் காலை 7 மணிக்குத் திருப்புல்லாணி. தர்ப்பையில் படுத்த இராமரைச் சேவித்துவிட்டு, 4 கிலோமீட்டரில் சேதுக்கரை கடலைப் பார்த்துவிட்டு, 9.30 மணிக்குள் பெரியபட்டினம் சேர்ந்துவிடலாம். கோவிலில் நேரம் நீண்டுவிடும், அதனால் கிளம்பும் நேரத்தை முன்பே சொல்லி வையுங்கள்.

பெரியபட்டினம் 13, 14-ஆம் நூற்றாண்டில் சீனம் வரைக்கும் பெயர் போன துறை. கல்வெட்டில் பவித்திரமாணிக்கப்பட்டினம். 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. செலடான் என்று சொல்லும் பச்சைப் பூச்சு ஓடும் அவற்றில் உண்டு. உடைந்த விளிம்பைப் பார்த்தால் சாம்பல் வெள்ளையில் இறுகிய பொருள் தெரியும், பூச்சு அதோடு உருகி ஒன்றாகியிருக்கும். ஏன் மன்னார் வளைகுடாப் பக்கம் இந்தத் துறை? பாக் நீரிணைக்கும் வளைகுடாவுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டுகளில் பல இடத்தில் ஆழம் ஒன்றிலிருந்து மூன்று மீட்டர்தான். பெரிய மரக்கலம் அதைத் தாண்ட முடியாது. சரக்கை இறக்கிச் சிறு தோணியில் மாற்ற வேண்டும். அந்த மாற்று வேலைதான் இந்தக் கரையின் ஊர்களுக்குச் சோறு போட்டது. இதை மணலில் குச்சியால் வரைந்து காட்டுங்கள், இரண்டே நிமிடம்.

கீழக்கரைக்கு 11 மணிக்குள் போய்விட வேண்டும், வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். பகல் தொழுகை தொடங்கும் முன் பழைய பள்ளிவாசலைப் பார்த்து வெளியே வந்துவிட வேண்டும். ஜமாஅத்திடம் ஒரு வாரம் முன்பே அனுமதி கேளுங்கள். பெண்கள் எதுவரை வரலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிட்டால் வாசலில் யார் மனமும் புண்படாது. வண்டியைப் பேருந்து நிலையப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்து போகலாம், உள்தெருக்கள் குறுகல். பள்ளிவாசலில் கவனிக்க வேண்டியது கல்தூண்கள். கோவில் மண்டபத்தில் காணும் அதே தூண் வேலை, தூணின் தலையில் அதே போதிகை. உருவச் சிற்பம் இருக்க வேண்டிய இடத்தில் பூவும் கொடியும். அதே கல்தச்சு மரபு இரண்டு சமயத்துக்கும் வேலை செய்திருக்கிறது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி இந்த ஊர்க்காரர், கிழவன் சேதுபதி காலத்தவர். நேற்று அரண்மனையில் பார்த்த சுவர் இங்கே வந்து பொருந்தும்.

சாப்பாட்டுக்குப் பின் தொதல் வாங்குங்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டும் கருத்த அல்வா. இதே பண்டம் இலங்கையிலும் மலாய் நாட்டிலும் உண்டு. கப்பலில் வந்துபோன சரக்கில் இன்றும் கெடாமல் மிச்சமிருப்பது இதுதான் என்று தோன்றுகிறது. மாலையில் விருப்பமுள்ளவர்கள் உத்தரகோசமங்கை சிவன் கோவிலுக்குப் போகலாம். மற்றவர்கள் ஓய்வெடுக்கட்டும், இரவு ராமேசுவரத்தில் தங்க வேண்டும்.

போகும் வழியில் பாம்பன். சாலைப் பாலம் திறந்தது 1988. 1914 பிப்ரவரி 24-இல் திறந்த பழைய ரயில் பாலம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கப்பலுக்கு வழிவிட நடுவே இரண்டு இறக்கைகளாகத் திறக்கும்படி கட்டியது. அதன் பக்கத்திலேயே 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீள நடுத்துண்டு முழுதும் நேராக மேலே எழும்பும். சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தாதீர்கள். முனையில் இறக்கிவிட்டு நடைபாதையில் நடத்திக் கூட்டிப்போங்கள்.

மூன்றாம் நாள் 5.30-க்குக் கிளம்பினால் விடியும் நேரத்தில் தனுஷ்கோடி. இருட்டும் முன் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பகலில் நிழல் கிடையாது. ஆகவே காலைதான் ஒரே நல்ல நேரம். இந்த ஊர் துறைமுகமாக இருந்தது 50 ஆண்டுதான். ரயில் வந்த 1914-இல் துறைமுகமாகி, இலங்கைத் தலைமன்னாருக்குக் கப்பல் விட்டு, 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் முடிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலை அலை கொண்டுபோயிற்று. பிறகு அரசு இதை வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது.

மிஞ்சியிருக்கும் தேவாலயச் சுவரை அருகே பார்த்தால் முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், அதன் நட்சத்திரக் குழிகளோடு தெரியும். இந்தச் சுவர் இடிவதற்குப் புயல் மட்டும் காரணமல்ல. மண்ணிலிருந்து உப்புநீர் சுவருக்குள் ஏறுகிறது, வெயிலில் நீர் ஆவியாகிறது, உப்பு உள்ளேயே படிகமாகி வளர்ந்து சாந்தைப் பிளக்கிறது. சுவரடியில் சலித்த மாவு போல வெள்ளைப் பொடி குவிந்திருந்தால் அந்த இடத்தில் அடி அரித்து மேல்பாகம் தொங்குகிறது என்று பொருள். அதன் கீழே யாரும் நின்று படம் எடுக்க விடாதீர்கள். சுவரில் ஏறுவதும் சாய்வதும் கூடவே கூடாது.

பேசும்போது காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து குழுவை நோக்கி வீசும்படி நில்லுங்கள். எதிராக நின்றால் கத்தினாலும் கடைசி ஆளுக்குக் கேட்காது. வண்டியைத் தார்ச்சாலையை விட்டு மணலில் இறக்கவே கூடாது. இறங்கிப் புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கும். ஆட்களை இறக்கி, சக்கரத்தின் முன் மணலை வாரி, பலகை வைத்து மெதுவாக நகர்த்துங்கள். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் ஒரு பக்கம் அமைதியான பெண்கடல், ஒரு பக்கம் சீறும் ஆண்கடல் என்பார்கள் மீனவர்கள். அமைதியாகத் தெரியும் பக்கத்திலும் இறங்கிக் குளிக்க வேண்டாம், நீரோட்டம் அடியில் இழுக்கும்.

சங்குக் கடைகளில் பவளத் துண்டு காட்டினால் வாங்காதீர்கள், அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பவளத்தை வெட்டி எடுத்ததால்தான் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கின என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். ராமநாதசுவாமி கோவிலை மதியம் 3 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியை வெளியே காப்பறையில் கொடுக்க வேண்டும். 22 தீர்த்தமாட விரும்புவோருக்குத் தனியாக இரண்டு மணி நேரமும் மாற்றுடையும் தேவை, ஈரத்துணியோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள். மூன்றாம் பிரகாரத்தை மட்டும் ஒருமுறை முழுக்கச் சுற்றி வந்தால் போதும் என்பது என் கருத்து.

நான்காம் நாள் கையில் இருந்தால் வடக்கே ஓரியூர், தொண்டி. ஓரியூரில் 1693-இல் கிழவன் சேதுபதியின் ஆணையால் கொல்லப்பட்ட பாதிரியார் அருளானந்தர் நினைவிடம். தொண்டியில் மதியச் சாப்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அந்த நாட்களில் மீன் வேண்டுமென்றால் கடைக்காரரிடம் முந்தின இரவே சொல்லி வைத்துவிடுங்கள். வணக்கம்.