கையால் நிமிரும் மே மரம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். ஒரு மரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஜெர்மனியின் தென்கோடியில் பவேரியா மாநிலம். அங்குள்ள சிற்றூர்களில் மே 1 அன்று வசந்தத்தை வரவேற்க ஊர் நடுவே ஒரு மரத்தை நிறுத்துவார்கள். பெயர் 'மைபௌம்', அதாவது மே மரம்.

குளிர்காலத்திலேயே வேலை தொடங்கிவிடும். காட்டில் நெடுநெடுவென நேராக வளர்ந்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தைப் பார்த்து வெட்டுவார்கள். 30 மீட்டர் வரைகூட இருக்கும். கிட்டத்தட்ட பத்து மாடி உயரம். பட்டையை உரித்து, இழைத்து, பவேரியக் கொடியின் வெள்ளையையும் நீலத்தையும் கயிறு முறுக்கியதுபோல் சுற்றிச் சுற்றித் தீட்டுவார்கள். இரு பக்கமும் ஊர்த் தொழில்களின் சின்னங்கள் ஏறும்: ரொட்டிக்காரருக்கு ப்ரெட்சல் என்ற முடிச்சு வடிவ ரொட்டி, கொல்லருக்கு லாடம். ஊருக்குப் புதிதாக வருபவர் அண்ணாந்து பார்த்தாலே போதும், இங்கே யார் யார் வாழ்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஆனால் மே 1 வரை அந்த மரத்தைக் காப்பாற்ற வேண்டுமே! பக்கத்து ஊர் இளைஞர்கள் ராத்திரியில் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இது திருட்டுத்தான், ஆனால் முறையான திருட்டு. மரத்துக்குச் சேதம் வரக் கூடாது. அடிதடி கூடாது. காவலுக்கு இருப்பவர் மரத்தின்மேல் கையை வைத்துவிட்டால், வந்தவர்கள் கீழே வைத்துவிட்டுப் போக வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டிவிட்டால் மரம் அவர்களுடையது. பீரும் சாப்பாடும் கொடுத்துத்தான் மீட்க வேண்டும். போலீசுக்குப் போவது கேவலம். 2004இல் 2,962 மீட்டர் உயரமுள்ள சுக்ஸ்பிட்ஸ சிகரத்தில் இருந்த மரத்தையே ஹெலிகாப்டரில் தூக்கிவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! எழுதாத ஒரு விதியை இரண்டு ஊர்களும் நம்புகின்றன, தோற்றவரும் ஜெயித்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். என்னை நெகிழவைப்பது இதுதான்.

இனி மரத்தை நிறுத்தும் வேலை. இரண்டு நீளக் கழிகளை நுனிக்குச் சற்றுக் கீழே கயிற்றால் பிணைத்தால் ஒரு கவை கிடைக்கும். 'ஷ்வைபர்ல்' என்பார்கள். இப்படிப் பல ஜோடிகளை மரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து, தலைவர் ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் "ஹௌ ருக்!" என்று ஒரு தள்ளு. நம் 'ஐலசா'தான். ஒரு ஜோடி இடம் மாறும்போது மற்றவை பாரத்தைத் தாங்க வேண்டும். மரம் உயர உயர, நீளமான கழிகளுக்கு மாற வேண்டும். மணிக்கணக்கில் ஆகும்.

கிரேன் இருந்தால் சில நிமிட வேலை. சில ஊர்களில் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம். கிரேனுக்கு ஓட்டுநர் ஒருவர் போதும். கழிக்கோ பண்ணைக்காரரும் வேண்டும், வங்கி ஊழியரும் வேண்டும், நேற்றுவரை பேசாமல் இருந்த அண்டை வீட்டாரும் வேண்டும்.

நான் பார்த்த அன்று லேசான மழை. என் முன்னால் நின்றவரின் புறங்கை நரம்புகள் புடைத்திருந்தன. கழியில் வழிந்த தண்ணீர் அவர் சட்டைக் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கையை எடுக்கவில்லை. மரம் செங்குத்தாக நின்று, அடியில் ஆப்பு இறுக்கியானதும் கழிகளை ஒவ்வொன்றாக விலக்கினார்கள். அதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. கடைசிக் கழி தரையில் படுத்த பிறகுதான் பித்தளை வாத்தியங்கள் முழங்கின.