விட்டுப்போன மாதத்துக்கும் டேபிளில் ஒரு வரி வேண்டும்

வணக்கம் மக்களே. ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல் மொழியில் டைம் சீரிஸ் டேட்டாவை, அதாவது நேர வரிசையில் அளந்த எண்களை, டேபிளாக எப்படி வைத்துக்கொள்வது, அதுதான் இன்றைக்கு. ஸ்கிரீனைப் பாருங்கள், சிஓ2 என்று சின்ன எழுத்தில் (co2) அடித்து என்டர் தட்டினால் போதும், ஹவாயில் மௌனா லோவா மலையில் அளந்த கார்பன் டை ஆக்சைடு அளவுகள் வந்துவிடும். 1959 முதல் 1997 வரை, மாதத்துக்கு ஒன்றாக 468 எண்கள்.

ஆண்டுக்கு ஒரு வரி, மாதத்துக்கு ஒரு பத்தி. கண்ணால் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதம் என்பதும் டேட்டாதானே, அது தலைப்பில் போய் உட்கார்ந்திருந்தால் கிராஃப் போடவும் கணக்குப் போடவும் வழியில்லை. உங்கள் எக்செல் ஃபைல் இப்படி இருந்தால் ஆரில் பிவட் லாங்கர் (pivot_longer) என்ற கட்டளை போட்டு நீளமாக்கிவிடுங்கள்: ஒரு அளவீட்டுக்கு ஒரு வரி, நேரத்துக்குத் தனிப் பத்தி. மாதத்தை வெறும் எழுத்தாக விட்டால் கிராஃபில் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று அகர வரிசையில் நிற்கும்.

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1964இல் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதத்துக்கும் அளவீடு இல்லை. இப்படி விட்டுப்போன மாதங்களுக்கு உங்கள் ஃபைலில் வரியே இல்லை என்று வையுங்கள், டிப்ளையர் (dplyr) பேக்கேஜில் முந்தைய மதிப்பை எடுத்துத் தரும் லேக் (lag) கட்டளை முந்தைய மாதத்தைத் தேடாது, முந்தைய வரியைத்தான் எடுக்கும், அதனால் மே மாதத்திலிருந்து ஜனவரியைக் கழித்து ஒரே மாதத்தில் இவ்வளவு ஏறிவிட்டது என்று காட்டும். எர்ரர் வராது, வார்னிங்கும் வராது. மௌனா லோவாவில் ஆண்டின் உச்சமே மே மாதத்தை ஒட்டித்தான் வரும் என்பதால் அந்த ஏற்றம் நிஜம் போலவே தெரியும், அதுதான் பயம்.

அதனால் டேபிளை ட்சிபிளாக (tsibble, நேரப் பத்தி எது என்று தெரிந்த டேபிள்) மாற்றி ஃபில் கேப்ஸ் (fill_gaps) கட்டளை கொடுங்கள், விட்டுப்போன மாதங்கள் என்ஏ (NA, மதிப்பு இல்லை) என்று வரியாக வந்து நிற்கும். அதற்கு முன் தேதியை இயர்மன்த் (yearmonth, ஆண்டும் மாதமும் மட்டும்) ஆக்கிவிடுங்கள், இல்லையென்றால் அது நாள் கணக்கு என்று நினைத்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி போட்டுவிடும்.

அப்புறம், ஆரோடு வரும் இந்த டேட்டாவில் அந்த மூன்று மாதத்தையும் ஜனவரிக்கும் மேக்கும் நடுவே நேர்கோடு போட்டு நிரப்பியிருக்கிறார்கள். ஹெல்ப் பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் எண்களில் எது அளந்தது, எது நிரப்பியது என்று ஒரு அடையாளமும் இல்லை. நீங்கள் நிரப்புவதாக இருந்தால் தயவுசெய்து தனிப் பத்தியில் நிரப்புங்கள், அளந்த பத்தியில் என்ஏ அப்படியே இருக்கட்டும்.