வேருக்குள் நுழையும் நூற்புழு

நேயர்களுக்கு வணக்கம். கொள்ளிடக் கரையின் படுகை நிலங்களில் காராமணியும் அவரையும் பயிரிடுவோர், உச்சி வெயிலில் வாடிய செடி மாலையில் மறுபடி நிமிர்வதைக் கண்டு, தண்ணீர் போதவில்லை என்றெண்ணிக் கூடுதலாகப் பாய்ச்சுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அத்தகைய செடி ஒன்றை மண்வெட்டியால் தோண்டியெடுத்து, வாய்க்கால் நீரில் அலசி, வேரில் முடிச்சுகள் உள்ளனவா என்று பாருங்கள். வாட்டத்துக்குக் காரணம் தண்ணீர்க் குறைவாக இல்லாமல், மண்ணில் வாழ்ந்து வேருக்குள் புகும் நூல் போன்ற நுண்ணிய புழுவான நூற்புழுவாக இருக்கலாம். தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் நுண்ணுயிரின் முடிச்சையும் நூற்புழு உண்டாக்கும் முடிச்சையும் நாம் ஒரே பெயரால் 'வேர்முடிச்சு' என்கிறோம்; குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நன்மை செய்யும் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். நகத்தால் தள்ளினால் உதிரும். பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழுவின் முடிச்சு என்பது வேரே பருத்துப்போன வீக்கம். வேரை அறுக்காமல் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

அரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத இளம்புழு, வேர்நுனியை ஒட்டி உள்ளே நுழைந்து, நீரும் சத்தும் செல்லும் குழாய்களுக்கு அருகில் தங்கி, தன் உமிழ்நீரால் சில செல்களைப் பல மடங்கு பெரிதாக்கி, அவற்றையே உறிஞ்சி வாழ்கிறது. எளிதில் பாதிக்கப்படும் ரகத்தில் அது அங்கேயே பருத்துப் பெண்புழுவாகி, வெதுவெதுப்பான மண்ணில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பல நூறு முட்டைகளை இட்டுவிடும்.

எதிர்ப்புத் திறனுள்ள ரகத்தில் புழு நுழையவே நுழையாது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியன்று, அங்கும் நுழைகிறது. சில செடிகளில் புழு வாய் வைத்த இடத்தைச் சுற்றியுள்ள செல்கள் உடனே மடிந்து, அதைப் பட்டினி போடுகின்றன. காராமணியில் 'ஆர்.கே.' என்னும் மரபணு செயல்படும் விதம் வேறு: பெருஞ்செல்கள் முதலில் உருவாகின்றன, இரண்டு மூன்று வாரங்களில் அவை சிதைந்துபோக, புழு முட்டையிடும் நிலையை எட்டாமலே மடிகிறது. ஆகவே முடிச்சு இல்லாத வேர் காயமே படாத வேர் என்று கொள்ளலாகாது. மண்ணில் புழு மிகுந்திருந்தால், முளைத்த சில நாட்களிலேயே பல இளம்புழுக்கள் ஒரே நுனியைத் துளைத்து அதன் வளர்ச்சியைத் தடுத்துவிடும். அந்தக் காயங்களின் வழியே வேரழுகல் பூஞ்சையும் புகும். எதிர்ப்பு ரகத்தின் உண்மையான பலன், அடுத்த பயிருக்கு மண்ணில் விட்டுச்செல்லும் முட்டை குறைவு என்பதே.

சம்பாவுக்கு மாதக்கணக்கில் நீர் தேங்கி நிற்கும் களிமண் வயலில் இந்தப் புழு பெருகுவது கடினம். படுகையின் மணற்பாங்கான மண்ணோ அதற்கு மிகவும் ஏற்றது. அங்கே காய் பறித்து முடித்தவுடன் தண்டை மட்டும் அறுக்காமல், வீங்கிய வேரையும் பிடுங்கி, வரப்பில் போடாமல், வெயிலில் காயவைத்து எரித்துவிடுங்கள்.