வெண்கட்டிக் கோடும் ஓடும் ரயிலும்

வணக்கம் நேயர்களே. வேகமாக ஓடும் பொருளை வெளியே நிற்பவர் அளந்தால் நீளம் குறைந்து வரும் என்கிறது ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கை. இதைக் கேள்விப்பட்ட, உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை அண்மையில் என்னிடம் கேட்டாள்: "சேர், ஒளிவேகத்துக்குக் கிட்டப் போனால் ரயில் நசுங்குமா?" நசுங்காது பிள்ளை, உள்ளே இருப்பவரின் பிளேன்ரீக் கோப்பைகூட அப்படியேதான் இருக்கும். ஆனால் அவள் வெட்கப்படத் தேவையில்லை. 1889இல் ஃபிட்ஸ்ஜெரால்டும், பிறகு லொரென்ட்ஸும் என்ற பௌதிகவியலாளர்களே பொருளே உண்மையில் சுருங்குகிறது என்றுதான் நினைத்தார்கள்.

நிற்கிற ரயிலை அளப்பது சுகம். முன்பக்கத்தை இப்போது குறித்துவிட்டு, ஆறுதலாகப் போய்ப் பின்பக்கத்தைக் குறிக்கலாம், அது எங்கேயும் ஓடாது. ஓடுகிற ரயில் என்றால்? வெள்ளவத்தை மேடையில் ஒருவர் ரயிலின் முன்முனைக்கு நேரே வெண்கட்டியால் கோடு போட, அதே கணத்தில் இன்னொருவர் கடைசிப் பெட்டி முடிகிற இடத்தில் போட வேண்டும், அப்புறம்தான் நாடா பிடிக்கலாம். இந்த "அதே கணத்தில்"தான் வில்லங்கம். ஒளியின் வேகம் எல்லோருக்கும் ஒன்று என்று எடுத்துக்கொண்டால், மேடையில் நிற்பவரின் ஒரே கணம் ரயிலில் போகிறவருக்கு ஒரே கணம் ஆகாது என்று 1905இல் ஐன்ஸ்டைன் காட்டினார்.

நின்றால் 100 மீற்றர் நீளமுள்ள ரயில், ஒளிவேகத்தின் 80 வீதத்தில் போகிறது என்று வையுங்கள். மேடைக்காரர் அளந்தால் 60 மீற்றர்தான். உள்ளே இருக்கிற அம்மா விடுவாரா? "தம்பிமார், முன்னுக்குக் கோடு போட்டுவிட்டு, பின்னுக்குப் போடப் பிந்திவிட்டீர்கள், அதற்குள் மேடை பின்னால் ஓடிவிட்டது" என்பார். அவர் கணக்கில் பிந்தியது ஏறத்தாழ 0.27 மைக்ரோசெக்கன் (மைக்ரோசெக்கன் என்றால் செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு), அதற்குள் மேடை 64 மீற்றர் நகர்ந்துவிடுகிறது, ஆகவே அவருடைய 100 மீற்றர் ரயிலில் 64 போகக் கோடுகளுக்கு இடையில் 36 மீற்றர்தான். அவருக்குச் சுருங்கிக் கிடப்பது மேடை! இரண்டு பேருமே சரி.

இது வெறும் கற்பனைக் கணக்கென்று நினைத்துவிடாதீர்கள். வானத்தில் சுமார் 15 கிலோமீற்றர் உயரத்தில் பிறக்கும், இலத்திரனைப் போன்ற ஆனால் அதைவிடக் கனமான மியூவன் துகள்களின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோசெக்கன். ஒளிவேகத்தில் வந்தாலும் அதற்குள் 660 மீற்றர்தான் கடக்கலாம். ஆனாலும் காலிமுகத்திடலில் காற்று வாங்குகிற உங்கள் உடம்பைத் துளைத்துக்கொண்டு அவை போகின்றன, ஏனென்றால் வேகமான மியூவன் ஒன்றோடு சேர்ந்து வந்து பார்த்தால் அந்த 15 கிலோமீற்றரே சில நூறு மீற்றர்தான்.

அந்தப் பிள்ளை விடவில்லை. "அப்ப எங்கட கரையோர ரயில்?" 200 மீற்றர் ரயில் மணிக்கு 60 கிலோமீற்றரில் போனால், சுருக்கம் ஓர் அணுவின் அகலத்தில் முந்நூறில் ஒரு பங்கு வரும். வெண்கட்டிக் கோடு அதைவிட எவ்வளவோ தடிப்பு.