எங்கிருந்து அளப்பது?

அவையோருக்கு வணக்கம்.

ஏரிக்கரை, ஆற்றங்கரைக் கட்டுமான விதிகளைத் திருத்தப் போகிறோம் என்று ஓர் உள்ளாட்சி அமைப்பு அறிவித்தால், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி, தண்ணீரிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும் என்பதுதான். கரையை ஒட்டி மனை வைத்திருப்பவர் பத்து போதும் என்பார். பறவைகளுக்காகப் பேசுகிறவர் நூறு வேண்டும் என்பார். இழுபறிக்குப் பிறகு நடுவில் ஏதோ ஓர் எண்ணில் வந்து நிற்கும். சரி, முடிந்தது என்று கலைந்துவிடுவார்கள். அந்த மீட்டரை எந்த இடத்திலிருந்து அளக்கப் போகிறோம் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இன்று நான் பேச வந்தது முக்கியமாக அதைப் பற்றித்தான்.

பிரேசிலைப் பாருங்கள். அங்கே 2012-இல் வனச் சட்டத்தைப் புதிதாக எழுதினார்கள். பத்து மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள ஆற்றுக்கு இரு கரையிலும் 30 மீட்டர் விட வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் உண்டு, புதியதிலும் உண்டு. எண்ணை யாரும் தொடவில்லை. ஆனால் பழைய சட்டம் ஆற்றின் உச்ச நீர்மட்டத்திலிருந்து அளக்கச் சொன்னது. புதிய சட்டமோ, ஆறு வழக்கமாக ஓடும் படுகையின் விளிம்பிலிருந்து அளக்கச் சொல்கிறது. மழைக்காலத்தில் படுகையைத் தாண்டிப் பரந்து விரியும் ஆறுகளுக்கு இதன் பொருள் என்ன? வெள்ளம் வந்து நிற்கும் நிலத்தில் பெரும்பகுதி, முப்பது மீட்டர் அப்படியே இருக்கும்போதே, பாதுகாப்பை விட்டு வெளியே போய்விட்டது. எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இது கண்ணிலேயே பட்டிருக்காது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1971-இல் கரையோர மேலாண்மைச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கமான உயர்நீர்க் குறியிலிருந்து நிலப்பக்கமாக 200 அடி வரை அதன் எல்லை. இந்தக் குறியை அளவுகோல் வைத்து ஒருநாள் பார்த்துச் சொல்லிவிட முடியாது. தண்ணீர் வந்து நின்று, வந்து நின்று, மண்ணிலும் செடியிலும் பதித்த தடம் அது. தண்ணீர் வற்றிய காலத்தில் கரையில் இறங்கி நடந்தால் நீங்களே பார்க்கலாம். கீழே கோரையும் நாணலும் இருக்கும். அப்புறம் வண்டல் படிந்த ஒரு பட்டை. பாறை இருந்தால் அதில் கறை ஒரே மட்டத்தில் ஓடும். அதற்கு மேலேதான் நிலத்துச் செடிகள் தொடங்கும். அந்த எல்லையில்தான் அளவு நாடாவின் முனையை வைக்க வேண்டும். மரக்கிளையில் பிளாஸ்டிக் பை சிக்கியிருக்கும் உயரத்தைச் சிலர் காட்டுவார்கள். அது ஏதோ ஒரு வருடத்துப் பெருவெள்ளம். குறித்துவைத்துக்கொள்ளுங்கள், வெள்ள வரைபடத்துக்கு உதவும். ஆனால் வழக்கமான மட்டம் அது இல்லை.

இதை விதியில் எழுதாமல் 'நீர்நிலையிலிருந்து' என்று மொட்டையாக விட்டால் என்ன நடக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. வறட்சி வருடத்தில் ஆள் வைத்து அளப்பார்கள். தண்ணீர் உள்ளே போயிருக்கும். வரைபடம் சுத்தமாக இருக்கும், அனுமதியும் முறைப்படி கிடைக்கும். மதகு வைத்து நீர் தேக்கும் ஏரிகளில் சிக்கல் குறைவு. முழுக் கொள்ளளவு மட்டம் என்று ஒன்று தீர்மானமாகியிருக்கும், அதையே எழுதிவிடலாம். ஆறுதான் தொல்லை. ஆறு ஒரே இடத்தில் கிடப்பதில்லை. ஒரு வளைவில் கரையை அரித்து இன்னொரு வளைவில் மணலைக் கொட்டி நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் வரைபடத்தில் ஒருமுறை கோடு போட்டு முடித்துக்கொள்ள முடியாது. ஆறு நகரக்கூடிய அகலம் முழுவதையும் ஒரு மண்டலமாகக் குறிப்பதுதான் சரி.

குறிக்காமல் விட்டதன் விலையை நெதர்லாந்து கொடுத்தது. 1995-இல் ஆற்று வெள்ள அபாயத்தால் சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. அதன்பிறகு ஆற்றுக்கு இடம் கொடுக்கும் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நெய்மேகன் நகருக்கு எதிர்க்கரையில், ரைன் ஆற்றின் கிளையான வால் ஆற்றின் அணைகரையை நிலப்பக்கமாக 350 மீட்டர் உள்ளே தள்ளி, பக்கத்தில் ஒரு கால்வாயும் வெட்டினார்கள். சுமார் 50 வீடுகள் போயின. கரையைக் கட்டிக் காப்பதில் பேர்பெற்ற நாடே இப்படிப் பின்வாங்கியிருக்கிறது.

அடுத்து, தடுப்புச்சுவர். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. மண் சரிகிறது என்று ஒருவர் தன் மனைக்கு முன்னால் கான்கிரீட் சுவர் எழுப்புவார். சரிவான கரையில் அலை ஏறி, வேகம் குறைந்து இறங்கும். செங்குத்தான சுவரில் மோதும் அலை அதே வேகத்தில் திரும்பி, சுவரின் அடிமண்ணைக் கிளறிக்கொண்டு போகும். சுவர் முடியும் இடத்தில் பக்கத்து மனை அரிக்கத் தொடங்கும். அவரும் சுவர் கட்டுவார், அடுத்தவரும் கட்டுவார். கடைசியில் மீன் குஞ்சு பொரிக்க ஆழமற்ற நீரோ, வேர் நிழலோ எங்கும் மிஞ்சாது. வேர்பிடிக்கும் செடிகளும் மரக்கட்டைகளும் வைத்துக் கரையைத் தாங்க முடியாது என்று காட்டிய பிறகே சுவருக்கு அனுமதி என்று விதி இருந்தால் இந்தத் தொடரோட்டத்தைத் தொடக்கத்திலேயே நிறுத்தலாம்.

ஏற்கெனவே கரையில் இருக்கும் வீடுகளை என்ன செய்வது? இடி என்று சொன்னால் விதி நிறைவேறவே நிறைவேறாது, அது நியாயமும் இல்லை. இருப்பது இருக்கட்டும், ஆனால் தண்ணீர்ப் பக்கம் ஓர் அடிகூட நீளக் கூடாது. ஒற்றைச் சுவரை மட்டும் நிறுத்திவைத்து மற்றதை இடித்துக் கட்டிவிட்டு அதைப் 'பழுதுபார்ப்பு' என்று காட்டும் வித்தை எல்லா நாட்டிலும் உண்டு. எவ்வளவு இடித்தால் அது புதுக் கட்டடம் என்பதை விழுக்காட்டில் எழுதிவிட வேண்டும்.

எண்ணே முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. அதை யார், எந்த வழியில் கொண்டுவருகிறார்கள் என்பதும் கணக்கில் வரும். பெங்களூரு ஏரிகளைச் சுற்றி 75 மீட்டர் விட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் உத்தரவிட்டது. நகரின் பெருந்திட்டத்தில் இருந்ததோ 30 மீட்டர். சட்டப்படி வகுத்த திட்டத்தைத் தீர்ப்பாயம் மாற்ற முடியாது என்று 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நல்ல எண்ணாகவே இருந்தாலும் திட்டத்துக்குள் முறைப்படி ஏறாவிட்டால் நிற்காது. உள்ளாட்சி விதிகளை உட்கார்ந்து திருத்துவது சலிப்பான வேலைதான், ஆனாலும் அதைத் தவிர்க்க முடியாததற்கு இதுவே காரணம்.

கடைசியாக விலக்குகள். சுவீடனில் கரையிலிருந்து 100 மீட்டர் என்பது பொது விதி. நகராட்சி விலக்கு தரலாம். ஆனால் தந்த விலக்கை மாகாண நிர்வாகம் மறுபடி எடுத்துப் பார்க்கும். இந்த இரண்டாவது கண் அவசியம். ஒவ்வொரு விலக்கும் தனியாகப் பார்த்தால் சின்னதுதான். ஒரு படகுத்துறை, ஒரு கொட்டகை, இரண்டு மீட்டர் திண்ணை. மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பவர் யாரும் இல்லாததால்தான் கரை கைவிட்டுப் போகிறது. ஆகவே வரைவு உங்கள் கைக்கு வந்ததும் மூன்றைத் தேடுங்கள்: அளக்கும் இடம் எது, பழுதுபார்ப்புக்கு உச்சவரம்பு என்ன, கொடுத்த விலக்குகளின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்க முடியுமா. மூன்றாவது இல்லையென்றால் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.