நீராவி வண்டியில் ஏறிப்போன ஹோட்டல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சிற்றூருக்குப் பெரிய ஹோட்டல் எப்படி வருகிறது? ஊர் வளரும், ஆட்கள் வந்துபோவார்கள், அவர்கள் தங்க ஓர் இடம் வேண்டும், யாராவது கட்டுவார்கள். அப்படித்தான் நினைக்கிறோம். சில இடங்களில் கதை தலைகீழ். ஹோட்டல் கட்டினால்தான் ஆள் வரும் என்று ஒருவர் துணிந்து இறங்குவார். அப்புறம் சாலை, மின்சாரம் எல்லாம் அவர் தலையில்தான் விடியும்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைகளுக்கு நடுவில், எஸ்டெஸ் பார்க் என்ற ஊர். ஊட்டி இருக்கும் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 1909-இல் திறந்த ஸ்டான்லி ஹோட்டலைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கட்டியவர் ஃப்ரீலன் ஸ்டான்லி. ஹோட்டல் தொழிலே தெரியாதவர். அவரும் அவருடைய இரட்டைச் சகோதரரும் புகைப்படக் கண்ணாடித் தகடு செய்து பணம் பார்த்தவர்கள். அந்தத் தொழிலைப் பிறகு கோடாக் நிறுவனம் வாங்கிக்கொண்டது. 1903-இல் ஃப்ரீலனுக்குக் காசநோய். அன்று அதற்கு மருந்து கிடையாது. மலைக் காற்றுதான் வைத்தியம். அப்படி வந்தவர், கோடை முடிவதற்குள் உடம்பு தேறி எழுந்துவிட்டார். ஆண்டுதோறும் வரத் தொடங்கினார். 91 வயது வரை, 1940 வரை, வாழ்ந்தார்!

அவர் மலைக்கு வந்தது குதிரை வண்டியில் இல்லை. தாமே செய்த காரில். அதுவும் நீராவிக் கார். இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரயில் எஞ்சினைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான், சிறிய அளவில். அடியில் எரிபொருள் எரியும், மேலே கொதிகலனில் நீர் கொதிக்கும், ஆவி போய் சக்கரத்தைச் சுழற்றும். கியர் கிடையாது. சத்தமும் பெரிதாக இல்லை. 1899-இல் ஃப்ரீலன் தம் மனைவி ஃப்ளோராவை உட்காரவைத்துக்கொண்டு, 1,900 மீட்டருக்கு மேல் உயரமுள்ள வாஷிங்டன் மலையின் உச்சிவரை ஓட்டிப்போனார். அந்த உச்சியைத் தொட்ட முதல் கார் அதுதான். 1906-இல் ஸ்டான்லி வண்டி ஒன்று ஃப்ளோரிடா கடற்கரையில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியது. நீராவியில், நேயர்களே! காற்று மெலிந்த மலையில் அந்தக் காலப் பெட்ரோல் எஞ்சின் திணறும். நீராவிக்கு அந்தத் தொல்லை குறைவு.

குறை இல்லையா? உண்டு. நீர் கொதிக்கிற வரை காத்திருக்க வேண்டும். வழியில் அடிக்கடி நீர் பிடிக்க வேண்டும். குதிரைகள் குடிக்கிற தொட்டிதான் அதற்கும் தொட்டி. 1914-இல் கால்நடைகளுக்குக் கோமாரி பரவி அந்தத் தொட்டிகளை மூடியபோது, நீராவிக் கார்களும் தாகத்தில் தவித்தன. அதற்குள் பொத்தானை அழுத்தினால் கிளம்புகிற பெட்ரோல் காரும் வந்துவிட்டது. யார் காத்திருப்பார்கள்?

சரி, ஹோட்டலுக்கு வருவோம். எஸ்டெஸ் பார்க்குக்கு ரயில் கிடையாது. அடிவாரத்தில் லயன்ஸ், லவ்லண்ட் நிலையங்களோடு ரயில் நின்றுவிடும். அங்கிருந்து மலை ஏற, ஒரே வண்டியில் பத்துப் பேர் போல உட்காரும்படி நீராவி வண்டிகளை ஸ்டான்லி சகோதரர்களின் தொழிற்சாலையே செய்தது. வண்டி ஏறச் சாலை வேண்டுமே? சாலைக்கும் அவர் பணம் போட்டார். விளக்கு எரிய வேண்டுமே? ஃபால் ரிவர் ஆற்றில் நீர்மின் நிலையம் கட்டினார். ஊருக்கும் அந்த மின்சாரம்தான். ஊர் முறைப்படி நகராட்சியானது 1917-இல். ஹோட்டலுக்கு எட்டு வருடம் இளையது!

அவருக்கு முன்பே டன்ரேவன் பிரபு என்ற அயர்லாந்துச் சீமான் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் தம் வேட்டைக்காடாக்கப் பார்த்தார். பொய்ப் பெயர்களில் நிலம் வளைத்தார். அவரும் ஒரு ஹோட்டல் கட்டினார். அது 1911-இல் எரிந்துபோனது. அவருடைய நிலத்தைத்தான் ஸ்டான்லியும் ஒரு கூட்டாளியும் வாங்கினார்கள். ஒருவர் வேலி போட வந்தார், இன்னொருவர் வழி போட வந்தார். ஸ்டான்லி லாபத்துக்காக இதைச் செய்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்று கோடையில் மட்டும் திறந்த, வெப்ப வசதி இல்லாத ஹோட்டலில் என்ன பெரிய லாபம்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். பேய்க்கதையைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். வேகமாகச் சொல்கிறேன். 1911-இல் எரிவாயு கசிந்து ஓர் அறை வெடித்தது. பணிப்பெண் ஒருவர் படுகாயத்தோடு பிழைத்தார். இன்று அந்த இடத்தில் 217-ஆம் எண் அறை. 1974-இல், பருவம் முடிந்து மூடுகிற சமயத்தில், எழுத்தாளர் ஸ்டீவன் கிங் மனைவியோடு அதில் தங்கினார். அந்த இரவு வேறு விருந்தினர் இல்லை. அதிலிருந்து பிறந்ததுதான் ‘தி ஷைனிங்’ என்ற பேய் ஹோட்டல் நாவல். அதிலும் பேய் அறை 217-தான். நாவல் படமானபோது வெளித்தோற்றத்துக்கு வேறொரு மாநிலத்து ஹோட்டலைக் காட்டினார்கள். அந்த ஹோட்டல்காரர்கள், தங்கள் 217-இல் இனி யாரும் தங்கமாட்டார்கள் என்று பயந்து, தங்களிடம் இல்லாத 237 என்ற எண்ணைப் போடச் சொன்னார்கள். எஸ்டெஸ் பார்க்கிலோ அந்த 217-ஐத்தான் ஆட்கள் கேட்டு வாங்குகிறார்கள்.

ஹோட்டல் அடுத்தடுத்துக் கைமாறிய கதையும் வைத்திருந்தேன். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.